கில்கிட் முதல் குன்னூர் வரை

உதகைக்குச் சுற்றுலா செல்லும் நம் மாணவர்கள் குன்னூரில் சிம்ஸ் பூங்காவைக் காணாமல் திரும்புவதில்லை. பூங்காவுக்கு அருகிலேயே பாஸ்டர் நிலையம் என்ற பழைய ஆராய்ச்சிக்கூடம் ஒன்று உண்டு. அதை நின்று பார்ப்பவர் குறைவு. 1918-ஆம் ஆண்டு அங்கே ஓர் அறையில் சில கூண்டுகளோடு ஒரு மருத்துவர் தொடங்கிய வேலையிலிருந்துதான் இந்தியாவில் உணவு ஆராய்ச்சி என்னும் துறையே வளர்ந்தது என்றால் அது மிகையாகாது. அவர் பெயர் சர் ராபர்ட் மெக்காரிசன். உணவியல் நூல்கள் அவரைப் போற்றுவது குன்னூரில் அவர் வளர்த்த எலிகளுக்காக. விலங்கியல் மாணவன் என்ற முறையில் எனக்கும் அந்த எலிகள்மேல் மதிப்பு உண்டு. ஆனால் என் மனத்தில் தைத்தவர்கள், அதற்கு முன்பே இமயமலைச் சிற்றூர்களில் அவர் கண்ட குழந்தைகள்.

மெக்காரிசன் 1878 மார்ச் 15 அன்று அயர்லாந்தில் போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்பாஸ்டில் மருத்துவம் பயின்று 1900-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து கப்பல் ஏறினார். முதலில் சித்ரால் பள்ளத்தாக்கு. அங்கே படைவீரர்களை வாட்டிய மூன்று நாள் காய்ச்சலை ஆராய்ந்து எழுதினார். பிறகு 1904 முதல் ஏழு ஆண்டுகள் கில்கிட். இன்று அது பாகிஸ்தான் வசம் உள்ள மலைப்பகுதி.

கில்கிட்டில் பெண்கள் பலருக்கும் ஆண்கள் சிலருக்கும் கழுத்தின் முன்புறம் பெரிய வீக்கம் இருந்தது. இதை நாம் முன்கழுத்துக் கழலை என்கிறோம். அந்த ஊர்களிலேயே காது கேளாமல், வாய் பேசாமல், கால்கள் விறைத்து, கண் மாறி, அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் இருந்தனர். வேறு சில பிள்ளைகள் குள்ளமாய், தோல் தடித்து, மந்தமாய் இருந்தனர். கிரெட்டினிசம் என்று மருத்துவ உலகம் ஒரே பெயரிட்டிருந்த இந்தக் குறைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு என்பதை மெக்காரிசன் பிரித்துக் காட்டினார்: ஒன்று நரம்பு மண்டலம் கெட்டது, மற்றது உடல் வளர்ச்சி தடைப்பட்டது. 1908-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் பாகுபாட்டை இன்றும் பாடநூல்கள் விடவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளின் தாய்மாருக்குப் பெரும்பாலும் கழலை இருந்ததையும் அவர் குறித்து வைத்தார். அதாவது, கேடு பிள்ளை பிறந்த பிறகு வந்ததன்று. வயிற்றில் இருக்கும்போதே நேர்ந்துவிட்டது.

காரணம் என்ன? மெக்காரிசன் தண்ணீரைச் சந்தேகித்தார். கில்கிட்டின் சிற்றூர்கள் ஒரே கால்வாயின் கரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருந்தன. மேலூரார் குளித்துத் துவைத்துக் கழித்த நீரே கீழூருக்குக் குடிநீர். (வைகைக்கரையில் கோச்சடையில் பிறந்த எனக்கு இதை விளக்கத் தேவையில்லை.) கீழே போகப் போகக் கழலை மிகுந்தது. தனி ஊற்று நீரைக் குடித்த ஊரில் அது இல்லை. உடனே அவர் செய்ததுதான் வியப்பு. கால்வாய் நீரை வடிகட்டி, தங்கிய வண்டலைத் தாமே நாள்தோறும் குடித்தார்; முன்வந்த சிலருக்கும் கொடுத்தார். குடித்தவர்களில் சிலருக்குக் கழுத்துச் சுரப்பி வீங்கியது. வண்டலைக் கொதிக்கவைத்துக் கொடுத்தபோது வீங்கவில்லை. அழுக்கு நீரில் உள்ள ஏதோ ஒரு கிருமியே காரணம் என்று முடிவு கட்டினார். நம் ஓமத்தில் இருக்கிறதே தைமால், அதைக் கொடுத்து வைத்தியமும் பார்த்தார். 1913-இல் லண்டன் மருத்துவர் கல்லூரியில் மில்ராய் சொற்பொழிவுகளில் இதையே விளக்கினார்.

அந்த முடிவு வேரைத் தொடவில்லை. பனியாறும் மழையும் மலை மண்ணிலிருந்து அயோடின் என்னும் தனிமத்தை அரித்துக்கொண்டு போய்விட்டன. மண்ணில் இல்லாதது பயிரிலும் இல்லை, நீரிலும் இல்லை. தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனைச் செய்ய அயோடின் வேண்டும். கிடைக்காதபோது அது வீங்குகிறது. அழுக்கு நீர் அந்த வீக்கத்தைக் கூட்டியிருக்கலாம். ஆயினும் அடிப்படைக் குறை அயோடின்தான். கருவின் தைராய்டு பன்னிரண்டாம் வாரத்தை ஒட்டித்தான் வேலை தொடங்குகிறது. கர்ப்பகாலத்தின் பாதி வரை, மூளையின் நரம்பணுக்கள் பிறந்து தத்தம் இடத்துக்கு நகரும் காலம் முழுவதும், கரு பெரும்பாலும் தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. தாயிடம் இல்லையென்றால் அந்த வேலை நின்றுபோகும். பின்னர் எவ்வளவு கொடுத்தாலும் விட்டது திரும்பாது. நம் பக்கத்தில் படிப்பு வராத பிள்ளையைக் கண்டால் மண்டையில் ஒன்றுமில்லை என்றும், பெற்றவள் செய்த பாவம் என்றும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒருவருக்கு ஆயுள் முழுவதும் தேவைப்படும் அயோடினைச் சேர்த்துவைத்தால் ஒரு தேக்கரண்டிதான் தேறும். அதில் குறைந்ததற்குப் பாவம் என்று பெயர்!

குன்னூர்க் காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1923-இல் சிக்கனம் என்ற பெயரில் அரசு அவருடைய ஆராய்ச்சியையே நிறுத்திவிட்டது. 1925-இல் மீண்டும் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து எடை பார்த்தார். கோதுமையும் பாலும் பருப்பும் கீரையும் கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் முதலிடம். தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவைத் தின்ற எலிகள் கடைசி வரிசையில் நின்றன. நமக்கு இது கசப்புத்தான். 1929-இல் அந்த இடம் உணவு ஆராய்ச்சிக்கூடம் ஆயிற்று. அவரே முதல் இயக்குநர். அதே ஆண்டு லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவப் பெண்மணி, கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராயக் குன்னூருக்கு வந்து பணி செய்தார். அவர் தேடிய பொருளே பின்னாளில் போலிக் அமிலம் என அறியப்பட்டது. கருவுறுமுன்பே அதைக் கொடுத்தால் குழந்தையின் மூளை, தண்டுவடக் குறைகளில் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்று 1991-இல் பிரிட்டனில் முடிந்த பெரிய சோதனை காட்டியது.

மெக்காரிசன் 1933-இல் சர் பட்டம் பெற்றார். 1935-இல் ஓய்வு பெற்று ஆக்ஸ்போர்டில் குடியேறினார். அவருடைய கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிப் பின்னர் தேசிய உணவியல் நிறுவனம் ஆனது. அந்தக் குன்னூர்க் கூடத்தில் பணியைத் தொடங்கிய மருத்துவர் வி. இராமலிங்கசுவாமிதான் அவர் விட்ட கணக்கை முடித்தவர். 1956 முதல் காங்ரா பள்ளத்தாக்கில் மூன்று பகுதிகளைத் தேர்ந்து, இரண்டுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் கொடுக்கப்பட்டன. 1962-இல் திரும்பப் பார்த்தபோது அயோடின் உப்பு உண்ட இரு பகுதிகளிலும் பள்ளிப் பிள்ளைகளின் கழலை வெகுவாகக் குறைந்திருந்தது. அவ்வாண்டே நாடளாவிய கழலைத் தடுப்புத் திட்டமும் தொடங்கியது. இதைக் காண மெக்காரிசன் இல்லை. 1960 மே 18 அன்று அவர் காலமாகியிருந்தார்.

இது மலைநாட்டுக் கதை, சமவெளி மதுரைக்கு என்ன என்று நண்பர்கள் கேட்கலாம். கடல் உப்பிலேயே அயோடின் இருக்கிறது என்பது நம்மவர் நம்பிக்கை. உப்பளத்தில் உப்பு படிகமாகும்போது அதில் தங்கும் அயோடின் மிகச் சொற்பம். கடையில் விற்கும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அயோடின் இல்லாத உப்பை உணவுக்கென விற்க 2006 முதல் தடையும் உண்டு. ஆயினும் 2018-19-இல் நாடு முழுவதும் நடந்த அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் கடைசி இடம் தமிழ்நாட்டுக்கே. உப்பு விளைவதில் முன்னிற்கும் மாநிலம் நம்முடையது!

எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை உப்பு வாங்குவது மங்களம். கல் உப்பைத்தான் வாங்குவார்கள். என் அம்மா அதைத் திறந்த சாடியில் அடுப்போரமாக வைப்பார். ஈரமும் வெப்பமும் பட்டால், இருக்கும் அயோடினும் போய்விடும். என் அக்காவுக்கு இந்த ஆண்டு தை மாதம் திருமணம் ஆயிற்று. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீடு வரும்போது நல்லது பொல்லாது பார்த்துக்கொள்ளலாம் என்பது எங்கள் வழக்கம். அயோடின் ஏழாம் மாதம் வரை காத்திராது என்று அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் சொல்கிறான் என்பதற்காகவோ என்னவோ, மறுத்துப் பேசவில்லை. ஆனால் கல் உப்பின் ருசி தூளில் வராது என்றார். அயோடின் கலந்த கல் உப்பும் பொட்டலத்தில் விற்கிறது என்று காட்டினேன். சென்ற வாரம் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோன பையில், முறுக்குக்கும் மல்லிகைப்பூவுக்கும் அடியில், அதில் இரண்டு கிலோ இருந்தது. ஒரு மூடிபோட்ட டப்பாவும்.