யார் இந்த ஹிக்கின்ஸ் பாகவதர்? கர்நாடக இசை மேடையேறிய அமெரிக்கரின் கதை

செங்கல்பட்டு மாவட்டம் மாமல்லபுரத்தில் ஆண்டுதோறும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் நாட்டிய விழா நடக்கும். கடற்கரைக் காற்றில் பதமும் வர்ணமும் ஒலிக்க, பார்வையாளர் வரிசையில் வெளிநாட்டுக்காரங்க நிறைய பேர் உட்கார்ந்திருப்பாங்க. நமக்குப் பழகிப்போன காட்சி இது.

ஆனால், சுமார் 60 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அமெரிக்கர் பார்வையாளராக மட்டும் இருக்காமல், மேடையில் சம்மணம் போட்டு அமர்ந்து கர்நாடக இசை பாடினார். அவர்தான் ஜான் ஹிக்கின்ஸ். தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு ஹிக்கின்ஸ் பாகவதர்.

சென்னைக்கு வந்தது எப்படி?

1939-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ள ஆண்டோவரில் பிறந்தவர் ஹிக்கின்ஸ். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மேற்கத்திய இசை படித்துக்கொண்டிருந்தவர், அங்கு பாடம் நடத்த வந்த மிருதங்கக் கலைஞர் டி.ரங்கநாதன் மூலம் நம் இசைக்கு அறிமுகமானார். 1964-ல் ஃபுல்பிரைட் உதவித்தொகை கிடைத்தது. நேராக சென்னைக்கு வந்தார். ரங்கநாதனின் சகோதரரும் புல்லாங்குழல் கலைஞருமான டி.விஸ்வநாதன் அவருக்கு குருவானார்.

அவ்வளவு கஷ்டமா இந்த இசை?

ஆமாம். காகிதத்தில் எழுதிவைத்துப் பாடிவிட முடியாது. தோடி ராகத்தில் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். அந்த கமகத்தை குருவின் எதிரில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்கணும். கூடவே தெலுங்கு, தமிழ், கன்னடம், சமஸ்கிருதம் என நான்கு மொழிகளின் உச்சரிப்பும் நாக்கில் படியணும். வெள்ளைக்காரர் பாடுகிறார் என்ற வேடிக்கை ஒரு கச்சேரிக்குத்தான் கூட்டம் சேர்க்கும். பாகவதர் என்ற பட்டம் வேடிக்கைக்குக் கிடைப்பதில்லை.

திருவையாறு தியாகராஜர் ஆராதனையிலும் அவர் பாடினார். ஒரு காலத்தில் பெண்கள் பாடவே இடம் மறுக்கப்பட்டு, பெங்களூர் நாகரத்தினம்மாள் போராடி இடம் வாங்கித் தந்த விழா அது. தியாகராஜரின் ஸ்ரீராகக் கீர்த்தனையான எந்தரோ மகானுபாவுலுவை ஹிக்கின்ஸ் பாடிய பதிவை இன்றும் ரசிகர்கள் தேடிக் கேட்கிறார்கள்.

கதவைத் திறந்தது யார்?

இதுதான் கவனிக்க வேண்டிய இடம். விஸ்வநாதனும் ரங்கநாதனும் வீணை தனம்மாளின் பேரன்கள், நாட்டிய மேதை பாலசரஸ்வதியின் தம்பிகள். தலைமுறை தலைமுறையாக இசையையும் நடனத்தையும் காத்த மரபு அது. ஆனால், தேவதாசி மரபு என்று சொல்லி சமூகம் ஒதுக்கிவைத்ததும் அந்த மரபைத்தான். அப்படி ஒதுக்கப்பட்ட வீட்டில் இருந்துதான் ஓர் அந்நியருக்கு வித்தை கிடைத்தது. பரதநாட்டிய இசையையே ஆய்வு செய்து 1973-ல் முனைவர் பட்டமும் பெற்றார் ஹிக்கின்ஸ்.

பிறகு என்ன ஆனது?

கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. 1971-ல் மிருதங்க வித்வான் திருச்சி சங்கரனுடன் சேர்ந்து, கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். 1978-ல் வெஸ்லியனுக்கே பேராசிரியராகத் திரும்பினார்.

1984 பிப்ரவரியில் பாலசரஸ்வதி காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 7-ம் தேதி, நாயுடன் நடந்துபோன ஹிக்கின்ஸ் மீது போதையில் ஒருவர் ஓட்டிவந்த வாகனம் மோதியது. 45 வயதிலேயே அந்தக் குரல் அடங்கியது.

இன்று நமக்கு என்ன?

ஹிக்கின்ஸிடம் திறமை இருந்தது, உழைப்பும் இருந்தது. ஆனால், அவை மட்டும் போதவில்லை. பாகுபாடு பார்க்காத குரு, படிப்புச் செலவுக்கு உதவித்தொகை, பாட ஒரு மேடை ஆகிய மூன்றும் கிடைத்ததால்தான் ஆண்டோவர்காரர் பாகவதர் ஆனார். திருக்கழுக்குன்றத்திலோ செய்யூரிலோ, எந்தத் தெருவில் பிறந்த பிள்ளைக்குப் பாட ஆசை வந்தாலும் தேவைப்படுவது இதே மூன்றுதான். கடல் கடந்து வந்தவருக்குத் திறந்த கதவு, பக்கத்துத் தெருப் பிள்ளைக்கும் திறக்க வேண்டும் அல்லவா?