எமன் வேடம் போட்டவர் நடிப்பையே ஏன் விட்டார்? சங்கரதாஸ் சுவாமிகளின் கதை

தூத்துக்குடி என்றதும் துறைமுகம், உப்பளம், முத்துக்குளிப்பு எல்லாம் நினைவுக்கு வரும். தமிழ் நாடகம்? அதுக்கும் அந்தப் பக்கத்து ஆள் ஒருவர்தான் தலைமை ஆசிரியர் என்கிறார்கள். பெயர் சங்கரதாஸ் சுவாமிகள்.

1867-ல் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். கொஞ்ச காலம் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். 24 வயதில் நாடகத்துக்குப் போய்விட்டார்.

அவருக்குக் கிடைத்ததெல்லாம் பயங்கரமான வேடங்கள். இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன். மைக் இல்லாத காலம் அது. குரலும் உருவமும்தான் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேரணும். ரெண்டுமே அவருக்கு இருந்தது.

அதுவே வினையாகவும் முடிந்தது. ஒருநாள் சனீஸ்வரன் வேடத்தோடு விடியற்காலையில் ஆற்றுக்கு முகம் கழுவப் போனாராம். எதிரே வந்த ஒரு பெண் அந்தக் கோலத்தைப் பார்த்த அதிர்ச்சியிலேயே இறந்துபோனதாகச் சொல்வார்கள். இன்னொரு முறை, எமனாக அவர் மேடைக்கு வந்தபோது பார்த்துக்கொண்டிருந்த கர்ப்பிணிக்குக் கரு கலைந்ததாம். அதற்குப் பிறகு வேடம் கட்டுவதையே நிறுத்தினார். எழுதுவது, சொல்லிக்கொடுப்பது என்று திரும்பினார். பிற்பாடு துறவு வாழ்க்கைக்கும் வந்ததால்தான் பெயரோடு சுவாமிகள் ஒட்டிக்கொண்டது.

மேடையில் தெரியும் ஓர் உருவம் பார்ப்பவரை என்ன செய்யும் என்பது இவருக்குப் புத்தகத்தில் படித்த பாடம் இல்லை. சாவித்திரி கதையையே எடுத்துக்கோங்க. கறுத்த உடம்பு, கையில் பாசக்கயிறு என்று எமன் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறானோ, அவன் பின்னாலேயே நடக்கிற அந்தச் சின்னப் பெண்ணின் பிடிவாதமும் அவ்வளவு பெரிதாகத் தெரியும். எமன் சும்மா பயமுறுத்த வருகிறவன் இல்லை. சாவித்திரியின் மனசை நமக்குக் காட்ட வருகிறவன்.

நல்லதங்காளில் ஒரு கிணறும் ஏழு குழந்தைகளும். அந்தத் தாயின் பசியையும் அவமானத்தையும் விளக்க வேறென்ன வேண்டும்?

அவர் எழுதிய கோவலன் நாடகத்தின் மூலக்கதைக்குத் தூத்துக்குடிக் கரையோடு நேரடித் தொடர்பே உண்டு. சிலப்பதிகாரக் கதைப்படி பாண்டிமாதேவியின் சிலம்புக்குள் இருப்பது முத்து, கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் கொற்கை, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது. உடைந்த சிலம்பிலிருந்து தெறித்தது முத்து இல்லை என்று தெரிந்த நொடியில் அரசன் முடிந்துவிடுகிறான். அதே சிலம்பு கண்ணகிக்கு வேறு அர்த்தம். ஜோடியில் ஒன்று போய்விட்டது, கையில் மிச்சம் ஒன்று. ஒற்றைச் சிலம்போடு ஒருத்தி வந்து நின்றாலே போதும், அவள் விதவை என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். நடிகர்கள் எல்லாம் சிறுவர்கள். பின்னாளில் அவ்வை சண்முகம் என்று புகழ்பெற்ற டி.கே.சண்முகம் அங்கே சேர்ந்தபோது ஆறு வயசுதான். அவருக்காகவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்கிறார்கள். நல்ல கணக்குதான். சக்கர வியூகத்துக்குள் தனியாக மாட்டிக்கொள்கிற அபிமன்யுவாக நிஜமாகவே ஒரு பொடியன் நின்றால், சண்டை ஆரம்பிக்கும் முன்னாடியே பார்க்கிறவர் மனசு கலங்கிவிடும்.

கடைசிக் காலம் கொடுமையானது. பக்கவாதம் வந்து கை, காலோடு பேச்சும் போனது. எத்தனையோ பிள்ளைகளுக்கு வசனமும் பாட்டும் சொல்லிக்கொடுத்த மனுஷன் வாய் திறக்க முடியாமல் இருந்தார். 1922 நவம்பர் 13-ல், 55 வயதில், புதுச்சேரியில் காலமானார். அவர் எழுதிய வள்ளி திருமணத்தை மதுரைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இன்றைக்கும் விடிய விடிய நடத்துகிறார்கள்.