மூளையைப் படம் வரைந்த காஹல்

இந்த மாசம் நான் எழுதுவது ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி சாந்தியாகோ ரமோன் இ காஹல் பற்றி. பேரு நீளம், நாம காஹல்னே சொல்லுவோம்.

1852 மே 1-இல் பெட்டில்லா என்ற ஊரில் பிறந்தார். சரியான சேட்டைக்காரர். பதினொரு வயசில் தானே பீரங்கி செய்து பக்கத்து வீட்டு வாசலை உடைத்து ஜெயிலுக்கே போனார்! எந்நேரமும் படம் வரைவார். வைத்தியரான அப்பாவுக்கு அது பிடிக்காது. முடிவெட்டும் கடையிலும் செருப்புக் கடையிலும் வேலைக்கு விட்டுப் பார்த்தார். கடைசியில் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், எலும்புகளைக் காட்டி உடற்கூறு சொல்லிக்கொடுத்தார். அதை வரைஞ்சு வரைஞ்சே பையன் டாக்டர் ஆயிட்டான்.

மூளை நரம்பெல்லாம் ஒரே வலையாகப் பின்னிக் கிடக்குன்னு அப்போ பலரும் நம்பினாங்க. இத்தாலியில் கோல்கை என்பவர் 1873-இல், வெள்ளி உப்பு போட்டு சில நரம்பு செல்களை மட்டும் கறுப்பாக்கிக் காட்டும் முறையைக் கண்டுபிடித்தார். நம்ம பாடத்தில் வருகிற கோல்கை உறுப்பு இவர் பேருதான். இவரும் வலைக் கட்சி. காஹல் அதே முறையைத் திருத்தி, 1888-இல் பறவையின் சிறுமூளையைப் பார்த்து வரைந்தார். ஒவ்வொரு செல்லும் தனித்தனி! சிதறால் மலைமேல நின்னு பார்த்தா கீழே மரமெல்லாம் ஒரே பச்சைப் போர்வை. தோட்டத்துக்குள்ள இறங்கிப் பாருங்க, மரத்துக்கு மரம் தனி. அதுமாதிரிதான். பல கிளை வழியா சேதி உள்ளே வருது, ஒரு நீள இழை வழியா வெளியே போகுது என்றும் சொன்னார்.

யாரும் கண்டுக்கல. 1889-இல் மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு பெர்லினுக்கே போய்ப் பெரிய விஞ்ஞானிகளைக் கூப்பிட்டுக் காட்டினார். 1906-இல் நோபல் பரிசு இரண்டு பேருக்கும் சேர்ந்து கிடைத்தது. அந்த மேடையிலும் கோல்கை விட்டுக்கொடுக்காமல் வலைக்காகவே பேசினார். கஷ்டமா இருந்திருக்கும்!

1934 அக்டோபர் 17-இல் காஹல் இறந்தார். 1943-இல் அமெரிக்காவில் மெக்கல்லாக், பிட்ஸ் என்ற இருவர் நரம்பு செல்லைக் கணக்காக எழுதினார்கள். வருகிற சேதிகளைக் கூட்டு, அளவு தாண்டினா அனுப்பு, இல்லாட்டி சும்மா இரு. செல் தனித்தனி என்பதால்தானே இப்படி எழுத முடிஞ்சுது? இதிலிருந்து வளர்ந்த செயற்கை நரம்பு வலைதான் சாட்ஜிபிடி வரை வந்திருக்கு. அந்த ஆராய்ச்சிக்காக 2024-இல் ஹாப்ஃபீல்டும் ஹின்டனும் இயற்பியல் நோபல் வாங்கினார்கள்.

ஆனா காஹலின் படத்தைப் பார்த்தா அந்தக் கணக்கு ரொம்பச் சின்னதுன்னு எனக்குத் தோணுது. நம்ம மூளை சுமார் 20 வாட் சக்தியில் ஓடுது, ஒரு குண்டு பல்பைவிடக் குறைவு. செயற்கை அறிவுக் கம்ப்யூட்டர் கூடங்கள் ஒரு ஊருக்கான கரண்டைக் குடிக்குது. அதைக் குறைக்க, நரம்பு செல் மாதிரியே சேதி வந்தா மட்டும் விழிக்கிற சிப்புகளை இப்போ செய்துபார்க்கிறாங்க.

- ஒன்பதாம் வகுப்பு மாணவன்