பாணர்களைத் தேடிப்போன பத்திரிகை ஆசிரியர்: கைலாசபதி வாழ்ந்த 49 வருடங்கள்!

கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாப்ல திருவண்ணாமலை பஸ்ஸுக்கு நிக்கிறீங்க. கையில போன். நேத்து ராத்திரி பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயில்ல நடந்த கூத்தை அரை நிமிஷம் வீடியோ எடுத்து வெச்சிருக்கீங்க. ஸ்டேட்டஸ் போடணும். மேலே ரெண்டு வரி எழுதலாம்னு ஆரம்பிக்கிறீங்க. வீட்ல பேசற மாதிரியே கை டைப் பண்ணுது. சட்டுனு ஒரு தயக்கம். இப்படி எழுதினா யாராவது சிரிப்பாங்களோ? அழிச்சிட்டு, பரீட்சைப் பேப்பர்ல எழுதற மாதிரி ஒரு வரியைப் போடறீங்க.

அந்தத் தயக்கம் உங்களுக்கு மட்டும் வர்றது இல்லை. எந்தத் தமிழ் அச்சேறலாம், யார் எழுதினா அது இலக்கியம்னு ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கு. 1960-களில் இலங்கையில் அந்தச் சண்டை உச்சத்தில் இருந்தபோது, புதிதாக எழுத வந்த சாதாரண மக்கள் பக்கம் நின்றவர்களில் முக்கியமானவர் க.கைலாசபதி. பத்திரிகை ஆசிரியர், விமர்சகர், பேராசிரியர். இன்னிக்கு காலேஜ்ல மீடியா ஸ்டடீஸ், கல்ச்சுரல் ஸ்டடீஸ்னு சொல்லித்தர்ற பல விஷயங்களை, அந்தப் பெயர்கள் தமிழ்ல புழங்கறதுக்கு முன்னாடியே செஞ்சு பார்த்தவர்.

மலேயாவில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பையன்

1933 ஏப்ரல் 5-ம் தேதி கோலாலம்பூரில் பிறந்தார் கைலாசபதி. வேலை தேடி மலேயாவுக்குப் போன யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு. அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை. சின்ன வயதிலேயே உலகப்போரையும் ஜப்பானியர் ஆட்சியையும் பார்த்தாயிற்று. போர் முடிந்த பிறகுதான் சொந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, கொழும்பு ரோயல் கல்லூரி, அடுத்து பேராதனைப் பல்கலைக்கழகம்.

பேராதனையில் கிடைத்த ஆசிரியர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. பேராசிரியர் க.கணபதிப்பிள்ளை, தன் நாடகங்களில் யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழை அப்படியே எழுதியவர். சு.வித்தியானந்தன், கிராமத்துக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தவர். படிச்சவங்க தமிழ் ஒண்ணு, ஊர்க்காரங்க தமிழ் ஒண்ணுன்னு இருந்த சுவர்ல, இவங்க ரெண்டு பேரும் ஏற்கெனவே ஓட்டை போட ஆரம்பிச்சிருந்தாங்க. கைலாசபதி அதைப் பக்கத்துல இருந்து பார்த்தவர்.

ஆசிரியர் நாற்காலியில் 26 வயது இளைஞர்

1957-ல் முதல் வகுப்பில் பட்டம். இப்படிப்பட்ட மாணவர் நேரே விரிவுரையாளராகப் போவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கைலாசபதி போனதோ பத்திரிகை அலுவலகத்துக்கு. கொழும்பு லேக் ஹவுஸ் நிறுவனத்தின் தமிழ் நாளிதழ் தினகரன். 1932-லிருந்து வந்துகொண்டிருந்த பேப்பர். 26 வயது வாக்கில் அதன் ஆசிரியரானார்.

அன்றைய நிலைமையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இலங்கைத் தமிழ் வாசகர்களுக்குக் கதை என்றால், சென்னையிலிருந்து கப்பலேறிப் போன வார இதழ்கள்தான். மயிலாப்பூர் மாடவீதியும் மெரினாவும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பக்கத்துத் தெருவில் கள் இறக்கும் தொழிலாளியும், மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணும் கதையில் வருவது அபூர்வம். அரசியலிலும் அது கொதிநிலையான காலம். 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம், 1958-ல் இனக்கலவரம்.

இந்தச் சூழலில்தான் தினகரன் பக்கங்களை உள்ளூர் எழுத்தாளர்களுக்குத் திறந்துவிட்டார் கைலாசபதி. தங்கள் மண்ணின் பிரச்சினையை, தங்கள் ஊர் மொழியில் எழுதச் சொன்னார். தேசிய இலக்கியம், மண்வாசனை என்ற சொற்கள் அங்கே பரவலானது இந்த வருடங்களில்தான். இளங்கீரனின் தொடர்கதைகள் வந்தன, சூடான விவாதங்கள் நடந்தன.

ஆசிரியர் பொறுப்பில் அவர் இருந்தது சில வருடங்கள்தான். 1961-ல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஆனால் ஒரு நாளிதழின் ஞாயிறு பக்கத்தால் ஒரு தலைமுறை எழுத்தாளர்களை உருவாக்க முடியும் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது.

இதெல்லாம் ஒரு தமிழா?

இப்போ சண்டைக்கு வருவோம். புதிதாக எழுத வந்தவர்களில் பலர் சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள், உடலுழைப்பு செய்தவர்கள். டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் சலூன் தொழில் செய்துகொண்டே எழுதினார். அவருடைய தண்ணீரும் கண்ணீரும் சிறுகதைத் தொகுப்பு இலங்கையின் சாகித்திய விருதையே வாங்கியது. கே.டானியல் பின்னாளில் பஞ்சமர் நாவலை எழுதினார். இவர்களுடைய பாத்திரங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே கதையிலும் பேசினார்கள்.

மரபான பண்டிதர்கள் சிலருக்கு இது பொறுக்கவில்லை. இழிசனர் வழக்கு என்று முத்திரை குத்தினார்கள். மரபு கெட்டுவிட்டது என்றார்கள். கைலாசபதியும் அவருடைய நண்பர் கா.சிவத்தம்பியும் முற்போக்கு எழுத்தாளர்கள் பக்கம் நின்று பதில் சொன்னார்கள். கவனிங்க, அவங்க மரபு வேண்டாம்னு சொல்லலை. மரபுன்னா என்னன்னு திருப்பிக் கேட்டாங்க. இந்தக் கேள்விக்கு கைலாசபதி தந்த பெரிய பதிலுக்கு, அவர் இங்கிலாந்து வரைக்கும் போக வேண்டியிருந்தது.

பர்மிங்காமில் சங்க இலக்கியம்

1960-களின் நடுவில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு. வழிகாட்டி ஜார்ஜ் தாம்சன். கிரேக்க மொழிப் பேராசிரியர், மார்க்சியர். அதே பல்கலைக்கழகத்தில்தான் 1964-ல் ரிச்சர்டு ஹோகார்ட் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கினார். ஸ்டூவர்ட் ஹால் வந்து சேர்ந்தார். சினிமா, பத்திரிகை, தொழிலாளர் வீட்டுப் பழக்கவழக்கம் எல்லாமே ஆராயத் தகுந்தவை என்று உலகத்துக்குச் சொன்ன இடம் அது. கைலாசபதி அந்த மையத்தின் மாணவர் இல்லை. ஆனா அதே வளாகத்துல, அதே வருஷங்கள்ல, வேற ஒரு வாசல் வழியா கிட்டத்தட்ட அதே கேள்விக்குத்தான் அவரும் போனார். மக்கள் குரலுக்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு?

அவர் எடுத்துக்கொண்டது சங்கப் பாடல்களை. அதற்கு முன்பு மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்டு என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் யூகோஸ்லாவியாவின் நாட்டுப் பாடகர்களைப் பதிவு செய்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாடகர்கள் நீண்ட கதைகளை எப்படிப் பாடுகிறார்கள் என்று பார்த்தார்கள். ரகசியம், அடிக்கடி திரும்ப வரும் தயார் தொடர்கள். அந்தச் சொல்தொடர்களைக் கையில் வைத்துக்கொண்டு பாடகர் மேடையிலேயே பாட்டைக் கட்டுகிறார். ஹோமரின் காவியங்களும் அப்படி வாய்மொழியாக உருவானவை என்பது அவர்கள் கண்டுபிடிப்பு.

கைலாசபதி இதே பார்வையோடு புறநானூறு போன்ற தொகைகளைப் படித்தார். திரும்பத் திரும்ப வரும் தொடர்கள், ஒரே அச்சில் வார்த்த மாதிரியான காட்சிகள், பாணர், பொருநர், கூத்தர், விறலியர் என ஊர் ஊராகப் போன கலைஞர்கள். கிரேக்க, அயர்லாந்து, வேல்ஸ் வீரப்பாடல்களோடு ஒப்பிட்டார். நம்முடைய மிகப் பழைய கவிதையின் வேர், பாடிப் பிழைத்த பாணர்களின் வாய்மொழி மரபில் இருக்கிறது என்றார். இந்த ஆய்வு 1968-ல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது. தமிழ் வீரநிலைக் கவிதை என்ற பெயரில் தமிழிலும் உண்டு.

இப்போ அந்தப் பண்டிதர் சண்டையோடு இதைச் சேர்த்துப் பாருங்க. மரபு, மரபுன்னு எதைத் தூக்கிப் பிடிச்சாங்களோ, அதோட அடியிலேயே பரிசிலுக்காக நடந்து திரிஞ்ச பாட்டுக்காரங்க குரல் இருக்குன்னா, பேச்சுமொழியை இழிவுன்னு எப்படிச் சொல்ல முடியும்?

நம்ம செங்கத்துக்கு வந்த கூத்தர்கள்

இது ஏதோ தூரத்து விஷயம் இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் நம்ம மாவட்டத்துப் பாட்டு. 583 அடிகள். இன்னொரு பெயர் கூத்தராற்றுப்படை. செங்கண்மா, அதாவது நம்ம செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்பும் கூத்தர் ஒருவர், எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறார். எந்த வழி ஆபத்து, எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும், மலையில் என்னென்ன சத்தம் கேட்கும் என்று எல்லாமே வருகிறது. மூட்டை கட்டிய இசைக்கருவிகளோடு ஒரு கலைஞர் குழு நம்ம மலையடிவாரத்தில் நடக்கிற காட்சி.

உங்க போன்ல இருக்கற வீடியோவுக்குத் திரும்ப வாங்க. கூத்து ஜமாவில் வாத்தியார் எப்படிக் கற்றுக்கொண்டார்? பெரும்பாலும் கேட்டுக் கேட்டுத்தான். கட்டியங்காரன் உள்ளூர் சமாசாரத்தை நடுவில் நுழைப்பது, கதையை இரவு நீளத்துக்கு இழுப்பதும் சுருக்குவதும், பின்பாட்டுக்காரர் அடியைப் பிடித்துக்கொள்வது. கைலாசபதி ஏட்டுப் பாட்டில் தேடிய விஷயம், நம்ம ஊரில் பதினெட்டாம் போர் கூத்து நடக்கும் ராத்திரியில் கண்ணெதிரே நடக்கிறது.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்களா?

இல்லை. சங்கப் பாடல்கள் பாணர் மரபைப் பின்பற்றி, எழுத்தறிவுள்ள புலவர்கள் செய்தவை என்று வாதிட்ட அறிஞர்கள் உண்டு. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

தமிழ் நாவல் இலக்கியம் என்ற புத்தகத்துக்கு இன்னும் சூடான எதிர்ப்பு வந்தது. அச்சு இயந்திரம், பத்திரிகை, புதிதாகப் படிக்கத் தொடங்கிய நடுத்தர வர்க்கம் எல்லாம் சேர்ந்து நாவலை எப்படி உருவாக்கின என்று பேசிய புத்தகம் அது. ஊடகத்தை வைத்து இலக்கியத்தைப் படிக்கிற முயற்சி. ஆனால் சமூகத்தைப் பார்த்த கண், கலையைப் பார்க்கவில்லை என்று வெங்கட் சாமிநாதன் கடுமையாக எழுதினார். இலங்கையில் மு.தளையசிங்கம் முற்போக்கு விமர்சகர்களின் அளவுகோலைக் கேள்வி கேட்டார். ஆரம்பத்தில் கூட இருந்த எஸ்.பொன்னுத்துரை பிரிந்துபோய் நற்போக்கு என்று தனி அணியே கண்டார்.

அந்தக் குறை பொய்யில்லை. தன் கொள்கைக்கு ஒத்துவராத எழுத்தை கைலாசபதி சீக்கிரமாகத் தாண்டிப் போய்விடுவார். மூடியிருந்த கதவைத் திறந்தவரே, வேறு சிலருக்கு வாசலில் நிற்கும் காவல்காரராகத் தெரிந்தார். அவரைப் படிக்கும்போது ரெண்டையும் சேர்த்தே படிக்கணும்.

எரிந்த நகரத்தில் பேராசிரியர்

1974 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் கைலாசபதி. வயது 41. அரசு தொடங்கிய வளாகம் என்பதால் தமிழ்க் கட்சிகளிடமிருந்து எதிர்ப்பு இருந்தது. அதே வருடம் ஜனவரியில் அங்கே நடந்த உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் உயிர்கள் போயிருந்தன. மாணவர்கள் கொந்தளிப்பில் இருந்தார்கள். அதற்கு நடுவில்தான் வகுப்பறை, நூலகம், ஆசிரியர்கள் என்று ஒவ்வொன்றாகக் கட்டினார். 1977 வரை அந்தப் பொறுப்பு, அதன் பிறகும் அங்கேயே பேராசிரியர்.

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பல். ஈழநாடு பத்திரிகை அலுவலகத்துக்கும் தீ. பத்திரிகையிலும் புத்தகத்திலும் வாழ்ந்த ஒரு மனிதர், தன் நகரத்தில் அவை இரண்டும் எரிந்ததையும் பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்த வருடமே ரத்தப் புற்றுநோய். 1982 டிசம்பர் 6-ம் தேதி கொழும்பில் காலமானார். 50 வயது நிறைய நாலு மாதம் பாக்கி. பாரதியைப் பற்றிய அவருடைய ஆய்வுகள் புத்தகமாக வந்தபோது அவர் இல்லை. ஏழு மாதம் கழித்து 1983 ஜூலைக் கலவரம் வந்து, அவர் அறிந்த கொழும்பையே புரட்டிப் போட்டது.

பஸ் வந்துடுச்சா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கைலாசபதி பெயரில் ஒரு கலையரங்கு இருக்கிறது. அவருடைய நூல்கள் பல, நூலகம் என்ற ஈழத்து மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எங்கே தொடங்கறதுன்னு குழப்பமா இருந்தா, பாரதியையும் தாகூரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பேசுற இரு மகாகவிகள் நல்ல வாசல்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. அந்தக் கூத்து வீடியோவுக்கு அழிச்சீங்களே, அந்த ரெண்டு வரி. அதை நீங்க பேசற மாதிரியே திரும்ப டைப் பண்ணுங்க. வேஷம் கட்டின கலைஞர் பேரு, ஜமா பேரு, எந்த ஊருன்னு கேட்டு அதையும் சேருங்க. நன்னன் மலைக்கு நடந்துபோன அந்தக் கூத்தர் பேரை யாரும் எழுதி வைக்கலை. இவர் பேராவது இருக்கட்டும்.