பத்மராஜனும் பெயரிடப்படாத முதற்காதலும்

மலையாளப் புனைகதையாளரும் இயக்குநருமான பி. பத்மராஜன் 1945 மே 23 அன்று ஹரிப்பாட்டை அடுத்த முதுகுளத்தில் பிறந்தார். திருச்சூர் வானொலி நிலையத்தில் பணியாற்றியவாறே எழுதிவந்தார். 'நட்சத்திரங்ஙளே காவல்' நாவல் 1972இல் கேரள சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1975இல் பரதனின் 'பிரயாணம்' வழித் திரைக்கதையாளராகவும், 1979இல் தம் நாவலையே படமாக்கிய 'பெருவழியம்பலம்' வழி இயக்குநராகவும் அறிமுகமானார்.

பதின்பருவத்து மனம் அவர் மீண்டும் மீண்டும் நாடிய களம். அவர் எழுதிப் பரதன் இயக்கிய 'ரதிநிர்வேதம்' (1978) சிறுவன் ஒருவனின் வேட்கையைப் பேசியது. 1986இல் அவர் இயக்கிய 'தேசாடனக்கிளி கரயாறில்ல' இரு பள்ளி மாணவியரிடம் வந்து நின்றது. சாலியும் நிம்மியும் கல்விச் சுற்றுலாவிலிருந்து தப்பியோடித் தமக்கென ஒரு வாழ்வை அமைக்க முயல்கின்றனர். அவர்களுக்கு இடையிலான உறவைப் படம் காதல் எனச் சுட்டுவதில்லை, மறுப்பதுமில்லை. நிம்மியின் மனம் ஹரிசங்கர் என்னும் ஆடவன்பால் சாய்வதைக் காட்டி, இது வெறும் தோழமையே என வாதிடலாம். அவ்வாதம் நிம்மிக்கு ஓரளவு பொருந்தும், சாலிக்குப் பொருந்தாது. அவனை ஐயத்தோடு நோக்கும் சாலிக்கு நிம்மியைத் தவிர வேறு உலகில்லை. இறுதியில் இருவரும் சேர்ந்தே உயிர் துறக்கின்றனர். உறவுக்குப் பெயரிடாத துணிவு பாராட்டத்தக்கதெனினும், அதற்கு மரணமன்றி வேறு வழி காணாமை இப்படைப்பின் குறையே.

பத்மராஜன் 1991 ஜனவரி 24 அன்று கோழிக்கோட்டில், 45ஆம் வயதில் காலமானார். 2004இல் லிஜி புல்லப்பள்ளி இயக்கிய 'சஞ்சாரம்' மலையாளத்தில் அதே பருவக் காதலை வெளிப்படையாகப் பெயரிட்டது. அதன் நாயகி சாவின் விளிம்பிலிருந்து திரும்பி நடக்கிறாள்.