வழி தவறியதால் பிழைத்த பூ

வழி தவறினால் மனிதனுக்குக் கஷ்டம்தான். ஆனால் ஒரு தந்தையும் மகனும் வழி தவறிப் போனதால், ஓர் அழகிய பூச்செடி இந்த உலகத்தில் பிழைத்தது!

மகன் பெயர் வில்லியம் பார்த்ரம். 1739இல், அமெரிக்காவில் பிலடெல்பியா நகருக்கு அருகே பிறந்தார். தந்தை ஜான் ஒரு விவசாயி. தாமாகவே படித்துச் செடி கொடிகளைப் பற்றிய அறிவில் தேர்ந்தவர். ஆற்றங்கரையில் பெரிய தோட்டம் போட்டிருந்தார்.

ஆற்றோரத்தில் அதிசயச் செடி

1765ஆம் ஆண்டு, அக்டோபர் 1ந் தேதி. புதிய செடிகளைத் தேடி இருவரும் தெற்கே ஜார்ஜியாவில் பயணம் செய்தார்கள். அல்டமஹா ஆற்றின் பக்கம் வழி தவறிவிட்டது. அங்கேதான் அதுவரை அவர்கள் கண்டறியாத ஒரு செடி கண்ணில் பட்டது.

ஊர் திரும்பியும் வில்லியம் அதை மறக்கவில்லை.

அவர் வாழ்க்கையோ சரியாக அமையவில்லை. கடை வைத்துப் பார்த்தார், பலிக்கவில்லை. புளோரிடாவில் பண்ணை வைத்தார், அதுவும் நஷ்டம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் செடிகளை ஆராய்வதும், படம் வரைவதும்தான்.

அதுவே அவருக்குக் கைகொடுத்தது. படங்களைப் பார்த்து மகிழ்ந்த லண்டன் டாக்டர் பாதர்கில் பண உதவி செய்தார். 1773இல் வில்லியம் மீண்டும் தெற்கே புறப்பட்டார்.

பூவே காட்டிக் கொடுத்தது

அந்தப் பயணத்தில் பழைய செடியை மறுபடியும் கண்டார். வெள்ளை வெளேர் என்று ஐந்து இதழ், நடுவே பொன்னிற மகரந்தம், நல்ல வாசனை! முதலில் அது கார்டோனியா என்ற செடியைப் போலத் தோன்றியது. பூவையும் விதையையும் ஆராய்ந்தார். இது வேறு இனம் என்று கண்டுகொண்டார். நாம் குடிக்கும் தேயிலையும் இதுவும் ஒரே குடும்பம்.

அது வளர்ந்த இடம் இரண்டு மூன்று ஏக்கர்தான். வேறெங்கும் அவர் கண்ணில் படவில்லை. வில்லியம் அங்கே எடுத்த விதைகள் தந்தையின் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன.

1777 தொடக்கத்தில் அவர் வீடு திரும்பினார். அதே ஆண்டு செப்டம்பரில் தந்தை காலமானார். தோட்டத்தில் செடி பூத்தது 1781இல்! அந்தக் காட்சியைக் காண ஜான் இல்லை.

தந்தையின் நண்பரான பெஞ்சமின் பிராங்க்ளின் நினைவாகச் செடிக்குப் பிராங்க்ளினியா என்று பெயர் வைத்தார்கள். அது வளர்ந்த ஆற்றின் பெயரும் சேர்ந்தது. 1785இல் உறவினர் ஹம்ப்ரி மார்ஷல் அதைப் புத்தகத்தில் வெளியிட்டார்.

காட்டில் இல்லை!

1803க்குப் பிறகு காட்டில் அந்தச் செடியை யாரும் காணவில்லை. தேடிப் போனவர்கள் எல்லாம் ஏமாந்து திரும்பினார்கள். இன்று உலகில் எங்கே பிராங்க்ளினியா பூத்தாலும், அது பார்த்ரம் தோட்டத்துச் செடியின் சந்ததிதான்.

வில்லியம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1782இல் தேடி வந்த கல்லூரி ஆசிரியர் வேலையையும் வேண்டாம் என்றார். தோட்டமே அவர் உலகம். 1823இல், 84ஆம் வயதில், அங்கேயே காலமானார்.

தொழிலில் தோற்றவர்தான், ஆனால் ஒரு கை விதையால் ஓர் இனத்தையே காப்பாற்றிவிட்டார்!