கடல் கடந்த இசைவாணர்

கல்கத்தா மாநகரின் சௌரங்கிச் சாலையில் கிராண்டு ஓட்டல் என்னும் பெரிய விடுதி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போர் நடந்த ஆண்டுகளில் அதன் நடனக்கூடத்தினின்றும் ஜாஸ் இசை எழுந்தவண்ணம் இருந்தது. ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் துயரினின்றும் களிப்பினின்றும் படைத்துக்கொண்ட இசை. எழுதிவைத்த சுரங்களை வாசிப்பதோடு நில்லாமல், நம் நாகசுர வித்துவான் இராகத்தை விரித்து ஆலாபனை செய்வதுபோல, அவ்விசைவாணரும் தத்தம் கற்பனைக்கேற்ப மெட்டை வளர்த்துச் செல்வர். கிராண்டு ஓட்டலில் அத்தகைய குழுவிற்குத் தலைமை தாங்கிப் பியானோவின்முன் அமர்ந்திருந்தவர் டெடி வெதர்போர்ட்.

வெதர்போர்ட் 1903ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள போகஹான்டஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அடிமை முறை ஒழிந்து ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஆகியிருந்தும், அந்நாட்டின் தென்பகுதியில் கறுப்பினச் சிறுவர்க்குத் தனிப்பள்ளி; புகைவண்டியிலும் தனிப்பெட்டி. இளமையிலேயே அவர் நியூ ஆர்லியன்சு நகருக்குச் சென்றார். ஜாஸ் இசையின் தொட்டில் எனப்படும் அந்நகரிலேதான் பியானோ பயின்றார். பின்னர்ச் சிகாகோவை அடைந்தார்.

அந்நாளில் திரைப்படங்கள் பேசத் தொடங்கவில்லை. படம் ஓடும்போது திரையின் முன்புறத்தே அமர்ந்து இசைக்குழுவினர் வாசிப்பர். சிகாகோவில் வெண்டோம் திரையரங்கில் எர்ஸ்கின் டேட் என்பவர் நடத்திய குழுவில் வெதர்போர்ட் இடம் பெற்றார். பிற்காலத்தில் உலகப்புகழ் எய்திய லூயி ஆம்ஸ்ட்ராங் அக்குழுவில் எக்காளம் போன்ற டிரம்பெட் வாசித்தார். 1926இல் இருவரும் சேர்ந்து வாசித்த இசைத்தட்டு இன்றும் கேட்கக் கிடைக்கின்றது. சிகாகோவின் முன்னணிப் பியானோக் கலைஞருள் ஒருவர் என வெதர்போர்ட் பெயர் பெற்றிருந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

அப்பெயர் பரவத் தொடங்கிய அதே ஆண்டில் அவர் ஜாக் கார்ட்டர் என்பவரின் குழுவோடு கப்பலேறி ஆசியாவுக்குப் புறப்பட்டார். சில ஆண்டுகள் பொறுத்திருந்தால் வானொலியும் இசைத்தட்டும் அவர் பெயரை அமெரிக்கா முழுவதும் கொண்டு சென்றிருக்கக்கூடும். அவரோ கடலைத் தேர்ந்தார்.

சீனத்துத் துறைமுகமாகிய ஷாங்காய் நகரில் அவருக்கு மிகுந்த வரவேற்பு இருந்தது. ஓர் இரவிலேயே நான்கு விடுதிகளுக்கு மாறி மாறிச் சென்று, ஒவ்வொன்றிலும் சிறிது நேரம் தனித்து வாசிப்பாராம். 1933இல் அந்நகருக்கு வந்த கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அவரைக் கண்டு, பின்னாளில் தம் வரலாற்று நூலில் அவரைப்பற்றி எழுதினார். 1934இல் டிரம்பெட் கலைஞர் பக் கிளேட்டனின் பெரிய குழுவை வெதர்போர்ட் ஷாங்காய்க்கு வரவழைத்தார். ஆனால், எந்த நிறவெறிக்கு அப்பால் வந்தோம் எனக் கறுப்பினக் கலைஞர் எண்ணியிருப்பரோ, அது அங்கும் வந்து சேர்ந்தது. நடனக்கூடத்தில் வெள்ளை அமெரிக்கர் ஒருவர் கிளேட்டனைத் தாக்கினார்; கைகலப்பு மூண்டது. அதன் விளைவாக வேலையை இழந்தவர்கள் தாக்கப்பட்டவர்களே.

1936இல் வெதர்போர்ட் பம்பாய்த் தாஜ்மகால் ஓட்டலில் கிரிக்கெட் ஸ்மித்தின் குழுவில் வாசித்தார். மறு ஆண்டு பாரிசு சென்று, தனிப்பியானோ இசைத்தட்டுகள் சிலவற்றைப் பதிவு செய்தார். மீண்டும் கீழ்த்திசைக்கு வந்து, இலங்கை முதலிய இடங்களில் வாசித்து, இறுதியில் கல்கத்தாவில் நிலைத்தார்.

கிராண்டு ஓட்டலில் அவர் அமைத்த குழுவைப்பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். ராய் பட்லர், ரூடி ஜாக்சன் போன்ற கறுப்பின அமெரிக்கர் அதில் இருந்தனர். 1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, இரங்கூனிலிருந்து தப்பி வந்த ரூபன் சாலமன் கிளாரினெட்டோடும் செட்ரிக் வெஸ்ட் கித்தாரோடும் அதில் சேர்ந்தனர். இந்நாட்டில் பிறந்த கலைஞரும் உடனிருந்தனர். பல நிறத்தார் ஒரே மேடையில் சமமாய் அமர்ந்து வாசிப்பது அமெரிக்காவில் அன்று அரிய காட்சி. 1936இல் பென்னி குட்மன் என்னும் வெள்ளையர் தம் சிறு குழுவில் டெடி வில்சன், லயனல் ஹாம்ப்டன் என்னும் கறுப்பினத்தார் இருவரைச் சேர்த்தது நாடெங்கும் பேசப்பட்டது.

அந்த ஹாம்ப்டனும் சிகாகோவில் வளர்ந்தவரே. உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டி, மின்விசையால் ஒலியை அலையச் செய்யும் வைப்ரபோன் அவருடைய கருவி. 1940இல் தாமே ஒரு பெருங்குழு அமைத்து, இசைத்தட்டுகளால் பெரும்புகழ் பெற்றார். எனினும், 1942 ஆகஸ்டு முதல் அமெரிக்க இசைவாணர் சங்கத்தின் வேலைநிறுத்தத்தால் அங்கு இசைப்பதிவு பெரும்பாலும் நின்றது. தட்டுகள் செய்தற்குரிய அரக்குக்கும் போர்க்காலக் கட்டுப்பாடு வந்தது. அவ்வரக்கு விளையும் நாடோ இந்தியா! பலாசம் முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது அது. கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் கிராமபோன் கம்பெனியின் ஆலை இருந்தது. அமெரிக்காவில் ஒலிப்பதிவு ஓய்ந்திருந்த அக்காலத்திலும் வெதர்போர்ட் கல்கத்தாவில் கொலம்பியா தட்டுகளுக்காக வாசித்து வந்தார். நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிட இசையே அடங்கும். இரவு முழுவதும் நீளக்கூடிய இசையை அம்மூன்று நிமிடத்திற்குள் தொடங்கி, வளர்த்து, முடித்தாக வேண்டும். அதில் அவர் தேர்ந்தவர்.

போர்வீரர்க்கான அமெரிக்க வானொலியிலும் அக்குழுவின் இசை ஒலிபரப்பாயிற்று. கப்பலில் சமையல் வேலை பார்த்துவந்த ஜிம்மி விதர்ஸ்பூன் என்னும் இளைஞர் கல்கத்தாவில் இறங்கியபோது வெதர்போர்ட் அவரைப் பாட வைத்தார். வானொலியில் ஒலித்த அக்குரல் பின்னர் அமெரிக்காவில் புகழ் பெற்றது.

ஆனால், நடனக்கூடத்தின் விளக்கொளிக்கு வெளியே கல்கத்தா வேறொரு நகரமாய் இருந்தது. 1943இல் வங்கத்தை வாட்டிய பெரும் பஞ்சத்திலும் அதனைத் தொடர்ந்த நோய்களிலும் ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் மாண்டனர். உள்ளே இசை முழங்க, வெளியே நடைபாதையில் மக்கள் கஞ்சிக்கு ஏங்கினர். பஞ்சம் தணிந்தும் வாந்திபேதி நகரை விட்டு அகலவில்லை. அந்நோய் வெதர்போர்ட்டையும் பற்றியது. 1945 ஏப்ரல் 25ஆம் நாள் கல்கத்தாவில் அவர் உயிர் நீத்தார். அகவை நாற்பத்தொன்று. ஐரோப்பாவில் போர் முடிய இன்னும் இரு வாரங்களே இருந்தன.

அவருடைய தட்டுகள் பல கல்கத்தாவின் பழம்பொருட் கடைகளில் தேய்ந்தும் கீறியும் கிடந்தன. இந்தியாவில் பதிவான பழைய ஜாஸ் இசை 1980களில் இங்கிலாந்தில் ஒரு நெடுந்தட்டாகத் தொகுக்கப்பட்டது. அரக்குத் தட்டின் இரைச்சலுக்கு நடுவே, அவர்தம் இடக்கை எட்டி எட்டி எழுப்பும் தாளத்தை இன்றும் கேட்கலாம்.